தமிழ்நாட்டில் முதல் தலைமுறைப் பட்டதாரிகள்: சேர்க்கையும் நிலைபேறும்

தமிழ்நாட்டு வருவாய்த் துறை வழங்கும் சான்றிதழ்களுள் முதல் பட்டதாரிச் சான்றிதழ் இயல்பிலேயே வேறானது. சாதிச் சான்றிதழ் ஒருவர் பிறந்த சமூகத்தையும் வருமானச் சான்றிதழ் ஒரு குடும்பத்தின் ஆண்டு வரவையும் உறுதிசெய்கையில், இச்சான்றிதழ் ஒரு குடும்பத்தில் அதுவரை இல்லாத ஒன்றை உறுதிசெய்கிறது. விண்ணப்பிக்கும் மாணவர் தம் பெற்றோர், இருவழித் தாத்தா பாட்டியர், உடன்பிறந்தோர் ஆகிய ஒவ்வொருவரும் எதுவரை படித்தனர் என்று எழுதிக் கொடுக்க, அவர்களுள் எவரும் பட்டம் பெறவில்லை என்பதை அலுவலர் விசாரித்து ஒப்பமிடுகிறார். பள்ளிக்கே சென்றிராத பாட்டியும் ஐந்தாம் வகுப்போடு நின்ற தந்தையும் அடுத்தடுத்த வரிகளில் இடம்பெறும் அப்படிவம், மூன்று தலைமுறைகளுக்கு உயர்கல்வி எட்டாதிருந்த வரலாற்றின் சுருக்கமாகவும் அமைந்துவிடுகிறது. அச்சான்றிதழுக்கு உரிய மாணவர்கள் கல்லூரிக்குள் நுழைந்தபின் எதிர்கொள்வனவற்றையும், அவர்களுக்கென அரசும் கல்லூரிகளும் தன்னார்வ அமைப்புகளும் செய்துவருவனவற்றையும் இக்கட்டுரை ஆராய்கிறது. நுழைவாயிலைத் திறந்துவிடுவதில் தமிழ்நாடு இந்தியாவின் பெரும்பாலான மாநிலங்களைவிட நெடுந்தொலைவு முன்னே சென்றிருந்தாலும், முதல் பட்டதாரி என்னும் நிலையைச் சேர்க்கை நாளன்று தீர்த்துவிடக்கூடிய கட்டணச் சிக்கலாகவே பெரிதும் கருதிவந்திருக்கிறது என்பதும், அந்நிலை பட்டம் பெறும் நாள்வரையிலும் அதற்குப் பின்னும் தொடர்வது என்பதும் இதன் அடிப்படைக் கருத்து.

வரையறையின் சிக்கல்

‘முதல் தலைமுறை மாணவர்’ என்ற வகைப்பாடு சட்டச் சொல்லாக உருப்பெற்றது அமெரிக்காவில். அங்கே 1960-களில் வறிய மாணவர்க்கெனத் தொடங்கி, பின்னர் ‘ட்ரையோ’ என்ற பொதுப்பெயர் பெற்ற துணைத்திட்டங்கள், 1965-ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டத்தின்கீழ் வளர்ந்தன. 1980-இல் அச்சட்டம் திருத்தப்பட்டபோது, பெற்றோர் இருவரும் இளநிலைப் பட்டம் பெறாத மாணவரைக் குறிக்கும் வகைப்பாடாக அச்சொல் அதில் இடம்பெற்றது. அவ்வரையறை உடன்பிறந்தோரைக் கணக்கில் கொள்வதில்லை. மாணவர் எத்தகைய வீட்டில் வளர்ந்தார், அவருக்கு வீட்டிலிருந்து எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பனவே அதன் கேள்விகள்.

தமிழ்நாட்டின் வரையறை வேறொரு நோக்கத்திலிருந்து பிறந்தது. 2010-11 கல்வியாண்டில் நடைமுறைக்கு வந்த முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகைத் திட்டம், சாதி வேறுபாடோ வருமான வரம்போ இன்றி, ஒற்றைச் சாளர முறையில், அதாவது அரசின் பொதுக் கலந்தாய்வு வழியே, தொழிற்படிப்புகளில் சேரும் முதல் பட்டதாரிகளின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்றது. தனியார் கல்லூரிகளில் ஒரு வரம்புத் தொகைவரை மட்டுமே அரசு ஏற்றது. சலுகை குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே உரியதாகையால், அக்கா பட்டம் பெற்றுவிட்டால் தம்பி முதல் பட்டதாரி ஆகமாட்டார். நிதிப் பொறுப்பை வரையறுக்க வேண்டிய அரசின் பார்வையில் இது விளங்கிக்கொள்ளக் கூடியதே. ஆனால், கல்வியியல் நோக்கில் இது பொருந்தவில்லை. அக்கா அருகிலுள்ள அரசுக் கலைக் கல்லூரியில் வரலாறு படித்துத் திருமணமாகி வேறூர் சென்றுவிட்ட வீட்டில், பொறியியல் சேரும் தம்பிக்குக் கிடைக்கும் வழிகாட்டல் ஒரு பட்டதாரியும் இல்லாத வீட்டில் கிடைப்பதினும் சிறிதளவே கூடுதலாக இருக்கும். வீட்டின் அறிவுச் சூழல் ஒரு பட்டத்தால் ஒரே நாளில் மாறிவிடுவதில்லை என்பதால், பெற்றோர் பட்டதாரிகளாக இல்லாத பிள்ளைகள் அனைவரையும் ஒரே நிலையினராகக் கொள்வதே ஆய்வுக்கும் திட்டமிடலுக்கும் ஏற்றது. இக்கட்டுரையும் சொல்லை அப்பொருளிலேயே ஆள்கிறது.

வரையறையில் மற்றொரு குறையும் உண்டு. சலுகை தொழிற்படிப்புகளுக்கே உரியதாக இருப்பதால், சான்றிதழும் அங்கேயே கேட்கப்படுகிறது. இளநிலைக் கல்விக் கட்டணம் நீக்கப்பட்டுவிட்ட அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் பயிலும் மாணவரிடம், வீட்டில் எவரேனும் பட்டம் பெற்றவரா என்று கேட்க வேண்டிய தேவை நிருவாகத்துக்கு எழுவதில்லை. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட அக்கல்லூரிகளே கூலித் தொழிலாளர், சிறு விவசாயிகள் ஆகியோரின் பிள்ளைகளுக்கு மிக அருகிலிருப்பவை. அனைத்திந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பும் மாணவரைப் பாலினம், சமூகப் பிரிவு முதலியவற்றால் பிரித்து எண்ணுகிறதே தவிர, பெற்றோரின் படிப்பைத் தனிக்கூறாகக் கொள்வதில்லை. ஆகவே முதல் தலைமுறையினர் மிகுதியாகப் பயிலும் இடங்களிலேயே அவர்கள் எண்ணப்படாதவர்களாக இருக்கின்றனர்.

வாயில் திறந்த வரலாறு

இம்மாணவர் கூட்டம் தானாகத் திரண்டதன்று. நீதிக்கட்சி ஆட்சிக்காலத்தின் 1921-ஆம் ஆண்டு வகுப்புவாரி அரசாணையும், 1928-இல் எஸ். முத்தையா முதலியார் அமைச்சராக இருந்தபோது நடைமுறைக்கு வந்த ஆணையும் வேலைவாய்ப்பில் தொடங்கிவைத்த பங்கீடு, பின்னர்க் கல்லூரிச் சேர்க்கைக்கும் விரிந்தது. 1951-இல் சண்பகம் துரைராசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அம்முறையைச் செல்லாதென்றபோது எழுந்த கிளர்ச்சியே அரசமைப்பின் முதல் திருத்தத்துக்கு வலுவான காரணங்களுள் ஒன்றாயிற்று. காமராசர் ஆட்சியில் சிற்றூர்தோறும் பரவிய பள்ளிகளும் மதிய உணவும் அடித்தளமிட, 1980-களுக்குப்பின் தனியார் பொறியியல் கல்லூரிகள் பெருகின; 2006-ஆம் ஆண்டுச் சட்டம் தொழிற்படிப்புகளுக்கான மாநில நுழைவுத் தேர்வை நீக்கியது. நகரத்துப் பயிற்சி நிலையங்களுக்குச் செல்ல இயலாத சிற்றூர் மாணவர்க்கு அந்நீக்கம் தந்த வாய்ப்பு, கட்டணச் சலுகை தந்த வாய்ப்பினும் குறைந்ததன்று. 2020-இல் மருத்துவப் படிப்புகளிலும் 2021-இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலியவற்றிலும் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு வந்தது.

இவற்றின் விளைவு எண்ணிக்கையில் தெளிவாகத் தெரிகிறது. 18 முதல் 23 வயதுக்குட்பட்டோரின் தொகையோடு கல்லூரியில் சேர்ந்திருப்போரின் தொகையை ஒப்பிட்டுக் கூறும் மொத்தச் சேர்க்கை விகிதம், 2021-22 கணக்கெடுப்பின்படி இந்திய அளவில் 28.4 ஆக இருக்கத் தமிழ்நாட்டில் 47 ஆக இருந்தது. இவ்விகிதம் சேர்ந்தோரைச் சொல்வது. முடித்தோரை அதிலிருந்து அறிய இயலாது.

எழுதப்படாத பாடத்திட்டம்

பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ, ழான்-குளோத் பாசரோனுடன் இணைந்து 1960-களில் தம் நாட்டு மாணவரை ஆராய்ந்தபோது, கட்டணமும் தேர்வும் அனைவர்க்கும் ஒன்றாக இருந்தும் படித்த குடும்பத்துப் பிள்ளைகளே மீண்டும் மீண்டும் முன்னணியில் நிற்பதற்குக் காரணம் தேடி, ‘பண்பாட்டு மூலதனம்’ என்ற கருத்தை வளர்த்தார். நிலமும் பணமும் தலைமுறை கடந்து வருவது போலவே, பேசும் முறை, நூல்களோடான பழக்கம், நிறுவனங்களை அணுகும் துணிவு ஆகியனவும் வீட்டிலிருந்து பிள்ளைக்கு வருகின்றன. கல்விக்கூடம் அவற்றைத் தான் கற்பிக்காமலே எதிர்பார்த்து, உடையவரைத் திறமையாளர் என்றும் இல்லாதவரைத் தகுதி குறைந்தவர் என்றும் பிரித்துவிடுகிறது என்பது அக்கருத்தின் சாரம். 1968-இல் அமெரிக்கக் கல்வியாளர் பிலிப் ஜாக்சன் பள்ளி வகுப்பறைகளைக் குறித்து எழுதியபோது ஆண்ட ‘மறை பாடத்திட்டம்’ என்ற தொடர், ஏட்டில் இல்லாது எதிர்பார்ப்பில் மட்டும் இருக்கும் இவ்விதிகளைச் சுட்டுகிறது.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் அம்மறை பாடத்திட்டத்துக்கு மிகத் திட்டமான வடிவம் உண்டு. கலந்தாய்வுக்கு விருப்பப் பட்டியல் தருகையில் எக்கல்லூரியை எவ்வரிசையில் வைப்பது என்பதில் அது தொடங்குகிறது. 2018 முதல் பொறியியல் கலந்தாய்வு இணையவழியில் நடப்பதால், சென்னைக்கு வந்து தங்கும் செலவும் அலைச்சலும் குறைந்து, மாவட்டந்தோறும் உதவி மையங்கள் அமைந்தன என்பது உண்மை. எனினும், நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகளுள் எங்கே ஆசிரியர் இருக்கின்றனர், எங்கே தேர்ச்சி விகிதம் சரிந்திருக்கிறது என்பதை எடுத்துச் சொல்ல வீட்டில் ஒருவர் இல்லாத நிலையில், விருப்பப் பட்டியலை இணைய மையத்து இளைஞரோ, பேருந்து வசதியைக் காட்டி வீடு தேடிவரும் கல்லூரி முகவரோ நிரப்பிவிடுவதும் நிகழ்கிறது. நான்காண்டுகளைத் தீர்மானிக்கும் முடிவு அங்கே ஒரு பிற்பகலில் எடுக்கப்படுகிறது.

சேர்ந்தபின் அகமதிப்பெண் என்றால் என்ன, அது எதைப் பொறுத்தது, வருகை 75 விழுக்காட்டுக்குக் குறைந்தால் நேர்வது யாது, தேர்வில் தவறியபின் விடைத்தாள் நகலையும் மறுமதிப்பீட்டையும் எத்தனை நாளுக்குள் கேட்க வேண்டும், உதவித்தொகைக்கும் வங்கிக் கடனுக்கும் கல்லூரி அலுவலகத்தில் ‘போனஃபைட்’ எனப்படும் பயில்வுச் சான்றை எவ்வாறு பெறுவது என்பன போன்ற கேள்விகள் எழுகின்றன. படித்த வீட்டில் இவற்றுக்கு இரவு உணவின்போதே விடை கிடைத்துவிடும். முதல் தலைமுறை மாணவர்க்கு இவை ஒவ்வொன்றும் தவறு நேர்ந்தபின் தெரியவருகின்றன. ‘அரியர்’ என்று மாணவர் வழங்கும் நிலுவைப் பாடங்கள் சேர்வதற்குப் பாடத்தின் கடினம் மட்டுமே காரணமன்று. முதற்பருவத்தில் தவறிய ஒரு தாளை உடனே எழுதி முடிக்காது தள்ளிவைத்தால் அது பின்வரும் பருவங்களின் சுமையோடு சேர்ந்து இறுதியாண்டில் வேலைவாய்ப்பு முகாமுக்குள்ளேயே விடாது என்பதை முன்கூட்டிச் சொல்ல ஆளில்லாமையும் காரணம். ஆசிரியரை அவர் அறைக்குச் சென்று ஐயம் கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்தவர்க்கும் அது மரியாதைக் குறைவாகிவிடுமோ என்ற தயக்கம் இருக்கிறது. பெரியவர் முன் கேள்வி கேட்காமல் நிற்பதைப் பணிவென்று பழக்கிய வீட்டின் நற்பண்பு, கேட்பவரையே ஆர்வமுள்ளவராகக் கருதும் வகுப்பறையில் மாணவர்க்கு எதிராகத் திரும்பிவிடுகிறது.

பெற்றோரின் நிலையும் இங்கே கருதத்தக்கது. பிள்ளையின் படிப்புக்காக நகையை அடகு வைக்கவும் ஆட்டை விற்கவும் தயங்காத பெற்றோர், அப்படிப்பின் உள்விவரங்களில் தலையிடத் தமக்குத் தகுதியில்லை என்று ஒதுங்கிக்கொள்கின்றனர். பெற்றோர் கூட்டத்துக்கு வருவதென்றால் ஒருநாள் கூலி போகும். வந்தாலும் ஆங்கிலத்தில் அச்சிட்ட அறிக்கையில் கையொப்பமிட்டுத் திரும்புவதே நிகழும். வருகைக் குறைவைக் கைப்பேசிக் குறுஞ்செய்தியாக ஆங்கிலத்தில் அனுப்பும் கல்லூரி, அச்செய்தியைப் படித்துச் சொல்லுமாறு தந்தை அதே மகனிடமே கைப்பேசியை நீட்டுவார் என்பதை எண்ணிப்பார்ப்பதில்லை. அச்செய்தியைத் தமிழில் அனுப்புவதற்குச் சட்டமோ நிதியோ தேவையில்லை.

பணமும் காலமும்

கட்டணச் சலுகைகளின் பட்டியல் தமிழ்நாட்டில் நீண்டது. முதல் பட்டதாரிச் சலுகையோடு, 1944-இல் தொடங்கி இன்றுவரை நடைபெறும் ‘போஸ்ட் மெட்ரிக்’ உதவித்தொகை, தனியார் கல்லூரிகளில் பயிலும் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவரின் கட்டாயக் கட்டணங்களை அரசு ஏற்க வகைசெய்த 2012-ஆம் ஆண்டின் அரசாணை 92, நலத்துறை விடுதிகள் ஆகியன குறிப்பிடத்தக்கவை. இத்தனைக்குப் பிறகும் பணம் ஒரு தடையாகவே நீடிப்பதற்கு இரு காரணங்கள் உள்ளன. ஒன்று, உதவி மொத்தச் செலவில் ஒரு பகுதியையே ஈடுகட்டுவது. பொறியியல் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு 2017-இல் கட்டணக் குழு தரச்சான்று பெறாத பாடங்களுக்கு 50,000 ரூபாயும் பெற்றவற்றுக்கு 55,000 ரூபாயும் எனக் கட்டணத்தை உயர்த்தியபோதே, சலுகை போக எஞ்சிய தொகை கூலிக் குடும்பத்துக்குப் பெரிதாயிற்று. பேருந்துக் கட்டணம், விடுதி உணவு, தேர்வுக் கட்டணம், செய்முறைக் குறிப்பேடு, கைப்பேசி இணையம் ஆகியவற்றை எச்சலுகையும் முழுமையாகத் தொடுவதில்லை. மற்றொன்று காலம் பற்றியது. உதவித்தொகை ஆண்டின் இறுதியில் வரலாம். கட்டணமோ முதல் நாளே கேட்கப்படுகிறது. இவ்விடைவெளியே கந்துவட்டிக்குக் குடும்பத்தை இட்டுச்செல்கிறது.

காலத்தின் கொடுமைக்கு இந்திய நீதித்துறைப் பதிவிலேயே தெளிவான சான்று உண்டு. உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகர் மாவட்டச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த தினக்கூலித் தொழிலாளியின் மகனான தலித் மாணவர் ஒருவர், 2024-இல் தன்பாத் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் இடம் பெற்றும், 17,500 ரூபாயைத் திரட்டிக் கடைசி நேரத்துக்குள் இணையவழியில் செலுத்த முடியாமல் சில நிமிடங்களில் அவ்விடத்தை இழந்தார். அவ்வாண்டு நுழைவுத் தேர்வை நடத்தியது சென்னைக் கழகமாதலால் அவர் சென்னை உயர் நீதிமன்றத்தையும் நாடினார்; இறுதியில் உச்ச நீதிமன்றம் செப்டம்பர் 30 அன்று அரசமைப்பின் 142-ஆம் உறுப்பு தரும் சிறப்பதிகாரத்தைப் பயன்படுத்தி அவருக்கு இடமளிக்க ஆணையிட்டது. தமிழ்நாட்டிலும் 2020 நவம்பரில், 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் முதன்முறையாகத் தனியார் மருத்துவக் கல்லூரிகளில் இடம் கிடைத்த அரசுப் பள்ளி மாணவர் சிலர் கட்டணம் கட்ட வழியின்றி இடத்தைக் கைவிட நேர்ந்தது. அதன்பின்னரே அவர்களின் கல்வி, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு வெளியாயிற்று. இடத்தைத் தருவதும் அவ்விடத்தில் அமர வழிசெய்வதும் ஒரே நாளில் நிகழ வேண்டியவை என்ற பாடத்தை அரசு சில நாள்களுக்குள் கற்றது பாராட்டத்தக்கது. அப்பாடம் பிற படிப்புகளின் உதவித்தொகை நாட்காட்டிக்கு இன்னும் முழுமையாகச் சென்று சேரவில்லை.

வங்கிக் கல்விக் கடன் இவ்விடைவெளியை நிரப்பவே உருவாயிற்று. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டத்தின்படி 4 இலட்சம் ரூபாய்வரை பிணை கேட்கப்படுவதில்லை. ஆண்டு வருமானம் 4.5 இலட்சத்துக்குட்பட்ட குடும்பங்களுக்குப் படிப்புக்கால வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் 2009 முதல் உண்டு. ஆயினும் தந்தையைக் கூட்டுக் கடனாளியாகச் சேர்க்கும்போது அவரது பழைய பயிர்க்கடன், நகைக்கடன் நிலுவைகள் குறுக்கே நிற்பதும், வங்கி மேலாளரிடம் பேசத் தெரியாமல் மூன்று முறை திரும்பியபின் முயற்சியே கைவிடப்படுவதும் பரவலாக நிகழ்பவை.

ஆகவே மாணவர் தாமே உழைக்கின்றனர். வார இறுதிகளில் திருமண மண்டபங்களில் உணவு பரிமாறும் ‘கேட்டரிங்’ வேலை, தீபாவளிக் காலத்தில் துணிக்கடை வேலை, இரவில் உணவுப் பொட்டலங்களைக் கொண்டுசேர்க்கும் வேலை ஆகியன இன்று தமிழ்நாட்டுக் கல்லூரி வாழ்வின் பகுதிகளாகிவிட்டன. திங்கட்கிழமை முதல் வகுப்பில் உறங்கிவிழும் மாணவர் முந்திய இரவு எத்தனை பந்திகளுக்கு இலை போட்டார் என்பதைக் கேட்டறியும் வழக்கம் வகுப்பறைக்கு வரவேண்டும்.

மொழி

சிக்கல்களுள் மிக ஆழமானது மொழியாகும். பன்னிரண்டு ஆண்டுகள் தமிழ்வழியில் கணக்கும் அறிவியலும் கற்று உயர்ந்த மதிப்பெண் பெற்ற மாணவர், கல்லூரியின் முதல் வாரத்திலேயே தமக்கு நன்கு தெரிந்த பொருளைத் தெரியாததுபோல் உணரத் தொடங்குகிறார். வகையீடும் தொகையீடும் அவருக்குப் புதியன அல்ல. அவற்றின் ஆங்கிலப் பெயர்களே புதியன. பொறியியல் முதலாண்டில் ‘எம்-ஒன்’ என்று மாணவர் அஞ்சிச் சொல்லும் கணிதத் தாளில் தமிழ்வழி மாணவர் தடுமாறுவதற்குக் கணிதத்தினும் வினாவின் மொழியே காரணமாவதை, அவர்களோடு நெருங்கிப் பழகும் ஆசிரியர் அறிவர். வகுப்பில் ஆங்கிலத்தில் பேச முயல்பவரைச் சக மாணவர் ‘பீட்டர்’ என்று கேலி செய்வதும், முயலாதவரை ஆசிரியர் மந்தமானவர் என்று முடிவுகட்டுவதும் ஒருங்கே நடப்பதால், இருபுறமும் அடைபட்ட மாணவர் அமைதியாகிவிடுகிறார். அவ்வமைதி அறியாமையாகப் பதிவாகிறது.

இதற்கெனச் செய்யப்பட்ட முயற்சிகளுள் துணிவானது, 2010-11-இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. அதே 2010-இல் தமிழ்வழியில் பயின்றோருக்கு அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை அளிக்கும் சட்டமும் வந்தது. ஆயினும் தனியார் வேலைவாய்ப்பு ஆங்கிலத்தையே கேட்பதால் பொறியியலில் தமிழ்வழிப் பிரிவுகளுக்கு வரவேற்பு குறைந்துகொண்டே போயிற்று. 2023 மே மாதத்தில் உறுப்புக் கல்லூரிகள் சிலவற்றில் அவற்றை நிறுத்தப்போவதாகப் பல்கலைக்கழகம் அறிவித்து, எதிர்ப்பு எழுந்ததும் திரும்பப் பெற்றது. முழுமையான தமிழ்வழியா, முழுமையான ஆங்கிலவழியா என்று இரண்டாக மட்டும் வைத்து விவாதிப்பதே இங்கே பிழை எனத் தோன்றுகிறது. முதலாண்டில் இருமொழியில் விளக்கம், தேர்வுத் தாளில் வினாக்கள் இருமொழியிலும், விடையைக் கலந்தும் எழுத இசைவு, பாடந்தோறும் கலைச்சொற் பட்டியல் என்னும் இடைப்பட்ட ஏற்பாடு பெரும்பாலோர்க்கு உதவும். ஆங்கிலவழிப் படிப்பிலும் தேர்வை உள்ளூர் மொழியில் எழுத விடலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2023 ஏப்ரலில் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டதால், இதற்கு விதி வகையில் பெருந்தடை இல்லை. தமிழில் அறிந்த மாணவர்க்கு அவ்வறிவே ஆங்கிலத்துக்கும் ஏணியாக வேண்டும்.

சாதியும் பாலினமும்

முதல் தலைமுறை என்ற சொல் சாதியற்ற சொல்லாக ஒலிப்பதால் அதை எச்சரிக்கையோடு ஆள வேண்டியிருக்கிறது. இடைநிலைச் சாதிச் சிறு விவசாயியின் மகனும் அருந்ததியர் தூய்மைப் பணியாளரின் மகளும் ஒரே சான்றிதழைப் பெறலாம். ஆனால் விடுதியிலும் வகுப்பிலும் அவர்கள் எதிர்கொள்வன ஒன்றல்ல. தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் பட்டியல் சமூக மாணவர் நடத்தப்படும் முறையை ஆராய்ந்த சுகதேவ் தோரட் குழு, விடுதி அறை முதல் தேர்வு மதிப்பீடு வரை அவர்கள் உணரும் வேறுபாட்டை 2007-இல் பதிவுசெய்தது. தமிழ்நாட்டில் 2023-இல் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் சக மாணவரால் வெட்டப்பட்டபின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, பள்ளி கல்லூரி மாணவரிடையே சாதி அடையாளங்கள் ஊன்றிவருவதைச் சுட்டி, கையில் கட்டும் சாதிக் கயிறுகளுக்குத் தடை உள்ளிட்ட பரிந்துரைகளை 2024 சூனில் அளித்தது. பழங்குடி மாணவர்க்கோ தடை கல்லூரிக்கு முன்பே தொடங்குகிறது: பழங்குடியினர் சான்றிதழை வருவாய்க் கோட்டாட்சியரே வழங்க வேண்டியிருக்க, பெற்றோரிடம் பழைய ஆவணம் எதுவும் இல்லாத காட்டுநாயக்கர் போன்ற சமூகத்துப் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தும் அச்சான்றுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேர்கிறது.

பெண்களைப் பொறுத்தவரை, படிப்பை இடையில் நிறுத்துவது பெரும்பாலும் மதிப்பெண்ணால் அன்று, வரனால் நிகழ்கிறது. இவ்வகையில் தமிழ்நாடு செய்த ஒரு மாற்றம் தனிக் கவனத்துக்குரியது. 1989-இல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம், பெண் படித்திருக்க வேண்டும் என்பதை நிபந்தனையாக வைத்துத் திருமணத்துக்கு உதவியது. அதுவே 2022 செப்டம்பர் 5 முதல் ‘புதுமைப் பெண்’ என்ற பெயரில், 6 முதல் 12-ஆம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரி சேர்ந்த பெண்ணுக்குப் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டமாக மாறிற்று. தொகை சிறிதெனினும் அது மாணவியின் சொந்த வங்கிக் கணக்குக்கு நேரே வருவதும், படிப்பைத் தொடரும்வரையே வருவதும் வீட்டில் அவர் தரப்புக்கு ஒரு வலுவைத் தருகின்றன. சேர்க்கையோடு நின்றுவிடாமல் தொடர்ச்சியை நோக்கி அமைந்த முதல் பெருந்திட்டம் இதுவே எனலாம். ஆண் மாணவர்க்கான ‘தமிழ்ப் புதல்வன்’ 2024 ஆகஸ்டில் தொடங்கிற்று.

துணை என்பது யாது

உதவிகளைப் பணம், தகவல், தோழமை என மூவகையாகப் பார்த்தால், முதலாவதில் அரசு பெரிதும், இரண்டாவதில் ஓரளவும் செய்திருக்கிறது. 2022 மார்ச்சில் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டமும், அதன்வழி நடைபெறும் ‘கல்லூரிக் கனவு’ வழிகாட்டலும், பள்ளி முடித்தும் கல்லூரி சேராதவரைத் தேடிச்செல்லும் ‘உயர்வுக்குப் படி’ முகாம்களும் தகவல் இடைவெளியைக் குறைக்க முனைகின்றன. மூன்றாவது வகை, பணத்தால் மட்டும் பெறக்கூடியதன்று.

நிக்கோல் ஸ்டீபன்ஸ் முதலிய உளவியலாளர் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே பயனுடையது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் புதிய மாணவர்க்கு ஒரு மணி நேரம் மூத்த மாணவர் தம் அனுபவத்தைக் கூறினர். ஒரு குழுவிடம் பொதுவான அறிவுரை மட்டும் சொல்லப்பட, மற்றொரு குழுவிடம் தம் வீட்டுப் பின்னணி தமக்கு எத்தடைகளைத் தந்தது, அதே பின்னணியிலிருந்து எவ்வழிகளைக் கண்டோம் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். ஆண்டிறுதியில் இரண்டாம் குழுவில் முதல் தலைமுறையினர்க்கும் ஏனையோர்க்கும் இடையிலான மதிப்பெண் இடைவெளி 63 விழுக்காடு குறைந்திருந்தது. அவர்கள் உதவி கேட்கத் தயங்காதவர்களாகவும் இருந்தனர். ஒரே கல்லூரியில் செய்த ஆய்வின் முடிவை அப்படியே தமிழ்நாட்டுக்குப் பொருத்த இயலாதெனினும், பின்னணியை மறைக்க வேண்டிய குறையாக எண்ணாமல் பேசத்தக்க பொருளாக்குவது பயன்தரும் என்ற அதன் கருத்து எங்கும் சோதித்துப் பார்க்கத்தக்கது.

தமிழ்நாட்டில் இத்தகைய தோழமையைத் திட்டமாக வளர்த்தவற்றுள் அகரம் அறக்கட்டளை 2010-இல் தொடங்கிய ‘விதை’ குறிப்பிடத்தக்கது. விண்ணப்பித்தவரின் வீட்டுக்கே தன்னார்வலர் சென்று நிலையை அறிந்து தேர்வு செய்வதும், சேர்த்துவிட்டபின் படிப்புக்காலம் முழுதும் வழிகாட்டி ஒருவர் தொடர்பிலிருப்பதும், முன்னாள் மாணவரே அடுத்தவர்க்கு வழிகாட்டியாவதும் அதன் இயல்புகள். ஓர் அமைப்பு எட்டக்கூடிய தொகை சிறிதே; ஆயினும் எதைச் செய்ய வேண்டும் என்பதற்கு அது உள்ளூர் எடுத்துக்காட்டு.

கல்லூரிகளிலும் ‘டியூட்டர்-வார்டு’ எனப்படும் ஏற்பாடு உண்டு. ஓர் ஆசிரியரின் பொறுப்பில் இருபது அல்லது முப்பது மாணவரை வைக்கும் இம்முறை தர மதிப்பீட்டுக் குழுவாலும் கேட்கப்படுவதால் பதிவேடுகள் ஒழுங்காக இருக்கின்றன. அம்முறைக்கு உயிர்தர வேண்டிய ஆசிரியரின் நிலைமையே தளர்ந்திருக்கிறது. அரசு கலைக் கல்லூரிகளில் காலை மாலை என இரு சுழற்சியாக வகுப்புகள் நடக்க, ஆயிரக்கணக்கான கௌரவ விரிவுரையாளர்கள் மாதம் 25,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில், அடுத்த ஆண்டு பணி உண்டா என்ற உறுதியின்றிக் கற்பித்துவருகின்றனர். அவர்களுள் பலர் தாமே முதல் தலைமுறைப் பட்டதாரிகள். மாணவரின் தயக்கத்தை மற்றெவரினும் நன்கு அறிந்தவர்கள். முதல் தலைமுறை மாணவர்க்கான துணைத்திட்டம் எதுவும் இவ்வாசிரியரின் பணிநிலையைத் தொடாமல் நிறைவுறாது.

கைவசமுள்ள ஒரு கருவியும் பயன்படாமல் கிடக்கிறது. தொழிற்கல்லூரி ஒவ்வொன்றிடமும் சலுகை பெறும் முதல் பட்டதாரிகளின் பட்டியல் இருக்கிறது. கட்டணக் கணக்கை நேர்செய்வதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. அதே பட்டியலை முதற்பருவ முடிவுகளோடு ஒப்பிட்டால், இரண்டு தாள்களில் தவறியவர், வருகை குறைந்தவர், விடுதியை விட்டு நீங்கியவர் யார் என்பது முதல் ஆறு மாதங்களிலேயே தெரிந்துவிடும். ஆண்டுதோறும் எத்தனை பேர் சலுகையில் சேர்ந்தனர் என்பதோடு, நான்காண்டுக்குப் பின் எத்தனை பேர் நிலுவையின்றி முடித்தனர் என்பதையும் அரசு வெளியிடுமானால், திட்டத்தின் வெற்றியை மதிப்பிட அதுவே போதுமான அளவுகோலாகும்.

2010-11-இல் அச்சலுகையோடு பொறியியல் சேர்ந்தவர்கள் 2014-இல் படிப்பை முடித்திருக்க வேண்டியவர்கள். அவர்களுள் திருமணமானோரின் மூத்த பிள்ளைகள் இப்போது தொடக்கப் பள்ளிகளில் பயிலும் வயதினர். பட்டம் பெற்றோரின் பிள்ளைகளுக்கு வருங்காலத்தில் இச்சான்றிதழ் தேவைப்படாது. நிலுவைத் தாள்களோடு கல்லூரியை விட்டு நீங்கியோரின் பிள்ளைகள், தந்தையோ தாயோ நான்காண்டுகள் கல்லூரிக்குச் சென்றிருந்தும், அதே படிவத்தை நிரப்பிக்கொண்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு வருவார்கள்.